கணக்கு உதைக்கும் இடம்

மைனஸ் இருபத்தொன்பது.
தகரப் பெட்டி போன்ற அறைக்குள்
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது.
இனாரிக்கு வடக்கே, சாலை நேராக ஓடிக் களைத்த
ஓரிடத்தில் நான்.
எண்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி
இதே மாதிரி இன்னொரு பெட்டிக்குள் இல்ப்போ.
நடுவில் சதுப்பு, கலைமான் வேலிகள், உறைந்த மண்,
மண்ணுக்கடியில் மயிரிழைத் தடிமனில் கண்ணாடி.

"அனுப்புகிறேன் ஹில்க்கா."
அவன் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாது.
சிவப்பைத் தாண்டிப் போனபின்
யாரும் பெயர் வைக்காத நிறங்கள்.
ஆயிரத்து ஐந்நூற்று முப்பதில் தொடங்கி
ஒவ்வொரு நானோமீட்டராக ஏறுகிறான்,
விளக்கில்லாத படிக்கட்டில்
எண்ணைச் சொல்லிச் சொல்லி ஏறுகிறவனைப் போல.

கூடிப் புறப்படுகிறது ஒளி.
கூடி வந்து சேர்வதில்லை.
இங்கே குட்டை அலை முந்தும்,
நெட்டை அலை பின்தங்கும்,
நானோமீட்டர் வித்தியாசத்துக்கு, கிலோமீட்டருக்கு,
பதினேழு பிக்கோ வினாடி.
வெட்டவெளியில் அந்த நேரத்தில்
ஒளி ஒரு பட்டாணி அகலம் நகர்ந்திருக்கும்.
அவ்வளவுதான்.
அந்தப் பட்டாணிகள் சேர்ந்து சேர்ந்து
கூராகக் கிளம்பிய துடிப்பு
தோள் சரிந்து, அடுத்ததன் மேல் சாய்ந்து,
தான் ஒன்றா பூஜ்யமா என்று
தனக்கே தெரியாமல் வந்து நிற்கிறது.

பென்சிலை எடுத்தேன்.
எண்பத்திரண்டைப் பதினேழால் பெருக்கினால்
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
திரையில்
ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு.

கணக்கு உதைக்கிறது.
இணைப்பைக் கழற்றி, முனையைத் துடைத்து,
மறுபடி மாட்டினேன்.
இருபத்தாறுதான்.
காலையில் எதிரொளி அனுப்பி அளந்த நீளம்
எண்பத்திரண்டு என்று சத்தியம் செய்கிறது.
நிறங்களோ
எழுபத்தெட்டு கிலோமீட்டர்தான் நாங்கள் பிரிந்து நடந்தோம் என்கின்றன.

நான்கு கிலோமீட்டர்.
ஒரு டிரம் கேபிளின் நீளம்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி.
ஓடை உறைந்து வீங்கிக் குழாயை நசுக்கிவிட்டது.
கிடங்கில் இருந்தது ஒரே டிரம்,
வேறு ரகம்; மரப்பலகையில் பெரிதாகவே எழுதியிருந்தது.
சரியான ரகம் ரோவனியெமியிலிருந்து வர
இரண்டு நாள் ஆகும்.
இரண்டு நாள் காத்திருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால்
காத்திருப்பேன்.
யாரும் சொல்லவில்லை.
ஸ்னோமொபைலில் கட்டிப் பனிமேல் இழுத்துப் போட்டேன்.
விரல் மரத்துப் போயிருந்தது. ஒட்டு மட்டும் நன்றாக விழுந்தது.
கோடையில் வேறு யாரோ வந்து புதைத்துவிட்டார்கள்.
படிவத்தில் ரகம் என்ற கட்டத்தில்
'அதே' என்று எழுதினேன்.
பெரிய காரணமெல்லாம் இல்லை.
குளிர்.
வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் கண்ணாடியின் குணம் வேறு.
இந்த நிறங்களை அது பிரிப்பதில்லை.
பதினோரு குளிர்காலமாக
அந்த நான்கு கிலோமீட்டரில் மட்டும்
நெட்டையும் குட்டையும் அக்கம்பக்கமாக நடந்திருக்கின்றன.
என் பிழைக்குள் இழை
இத்தனை ஒழுங்காக இருந்தது
எனக்கே இன்றுதான் தெரியும்.

"எவ்வளவு?" என்கிறான் இல்ப்போ.
எண் என் திரையில் மட்டும்தான்.
தொண்ணூற்று நான்கு என்று சொல்லிவிடலாம்.
அந்தச் சொல்லும்
பக்கத்து இழையில், அதே ஒட்டைத் தாண்டித்தான்
அவன் காதுக்குப் போக வேண்டும்.

சொன்னேன். இருபத்தாறு.

அவன் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.
"நான்கு கிலோமீட்டர் குறைகிறதே."
"குறையவில்லை. நான் போட்டது.
ஓடையைத் தாண்டி, வேலி இரண்டாகப் பிரியும் இடம்."
வெகு நேரம் பேசவில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சினான்.
"ஈடுகட்டும் பெட்டிக்கு
எண்பத்திரண்டு என்று நேற்றே ஆர்டர் போட்டுவிட்டேன்."
"நிறுத்திவிடு."
"வெள்ளிக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும்."

ஹீட்டர் அணைந்து, தானாகவே மறுபடி எரிந்தது.
"மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்போமா?" என்றான்.
"அனுப்பு."
ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து.
அறுபத்து நான்கு.
அறுபத்து மூன்று.