நாலு நாற்பது, திரும்புதல்

கப்பல் எட்டு மணிக்கு வந்து நின்றது,
எங்கள் தேவாலயக் கோபுரத்தைவிட இரண்டு மாடி உயரமாக.
பொண்டா டெல்காடாவில் கிழமை தெரிந்துகொள்ள
நாங்கள் காலண்டர் பார்ப்பதில்லை,
எந்தக் கப்பல் என்று பார்ப்போம்.
டாக்சி வரிசையில் நான் பதினேழாவது.
பதினாறு பேரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.
என் வண்டிக் கண்ணாடிதான் துடைத்திருந்ததாம்.

பெயர் கொடெலீவ. ஊர் கெண்ட்.
முப்பத்தோரு வருடம் ரயில்களுக்கு
நேரம் குறித்துக் கொடுத்தவள்.
கட்டம் போட்ட தாளை நீட்டினாள்:
எட்டு ஐம்பது, அன்னாசி வளரும் கண்ணாடி வீடு.
பத்து இருபது, இரட்டை ஏரி. ஒன்று பச்சை, ஒன்று நீலம்.
பன்னிரண்டரை, எரிமலை மண்ணில் புதைத்து வேகவைத்த கறி.
இரண்டு ஐந்து, தேயிலைத் தோட்டம்.
மூன்று பத்து, வெந்நீர்க் குளம்.
நீச்சல் உடையை உள்ளே போட்டே வந்திருந்தாள்.
நாலு நாற்பது, திரும்புதல்.
அதன் கீழ் மட்டும் இரண்டு கோடு.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'தாமதம்' என்றொரு காலிக் கட்டம்.

"முடியுமா?"
"மாடு குறுக்கே வராவிட்டால் முடியும்" என்றேன்,
விளையாட்டாக.

அன்னாசி ஒழுங்காக முடிந்தது.
இரண்டு நிமிடம் மிச்சம்.
தாளின் ஓரத்தில் அதை வரவு வைத்தாள்.

மலைமேல் ஏரி இல்லை.
கைப்பிடிக் கம்பி இருந்தது,
கம்பிக்கு அந்தப் பக்கம் பனி.
நாற்பது பேர் வெள்ளைக்கு எதிரே கேமராவை நீட்டி நின்றார்கள்.
ஒருவன் ஏரிப் படம் போட்ட தபால் அட்டையைத்
தூக்கிப் பிடித்து அதைப் படமெடுத்தான்.
"எப்போது விலகும்?"
இந்த மலைக்கு அட்டவணை கிடையாது, மேடம்.
ஆனாலும் நின்றாள். ஆறு நிமிடம். பதினொன்று.
வரவு வைத்த இரண்டும் போயிற்று.

அப்போதுதான் மைத்துனன் ஃபிர்மினோவின் போன்.
பொம்பீஞ்ஞா படுக்கிறதாம், எழுகிறதாம், மறுபடி படுக்கிறதாம்.
தலைச்சன் ஈற்று.
அவனுக்கோ வலது கையில் மாவுக்கட்டு.
மேய்ச்சல் இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.
நான் வாயைத் திறக்கவில்லை; காசு வாங்கியவன்.
அவளே கேட்டாள், கறி எத்தனை மணி நேரம்
மண்ணுக்குள் கிடக்குமென்று.
ஆறு.
"அப்படியானால் அதற்கு அவசரமில்லை,
வண்டியை எடு."

கவிழ்த்த பால்கேன்மேல் உட்கார்ந்தாள்.
தாளைத் திருப்பி, பின்பக்கம் கட்டம் போட்டாள்.
பதினொன்று நாற்பத்திரண்டு, படுத்தது.
பதினொன்று ஐம்பது, எழுந்தது.
பன்னிரண்டு ஏழு, என்னை முறைத்தது.
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தோம்;
ஃபிர்மினோ இடது கையால் அறுத்ததில்
துண்டுகள் தீவுக்கூட்டம்போல் இருந்தன.
அவள் போர்த்துக்கீசியம் பேசவில்லை,
அவன் வேறெதுவும் பேசவில்லை,
இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
தேயிலைக்கான நேரம் போயிற்று. வெந்நீர் போயிற்று.
கால்சட்டை முழங்கால்வரை சேறு.
மலைக்கும் பனிக்குடம் உடையவில்லை,
மாட்டுக்கும் உடையவில்லை.

நாலு மணிக்கு உடைந்தது, மாட்டுக்கு.
ஈரம் புல்லில் ஆவி பறக்க,
கொடெலீவ எழுந்து நின்றாள்.
குனிந்து கைக்கடிகாரம் பார்த்தாள்.
அந்த முகத்தை நான் விமான நிலையத்தில்கூடப் பார்த்ததில்லை.
நேரத்தைக் குறித்தாள்,
தாளையும் பேனாவையும் ஃபிர்மினோவின்
மாவுக்கட்டு இடுக்கில் செருகினாள்.
"விடாமல் எழுது" என்பதைச் சைகையில் சொன்னாள்.

துறைமுகத்தில் இறக்கிவிட்டபோது நாலு நாற்பது.
பாதிக் காசைத் திருப்பி நீட்டினேன்.
"ஏரி காட்டாதது உன் குற்றமில்லை" என்றவள்
பாலத்தில் ஏறும்போதும் திரும்பித் திரும்பி
மலைப்பக்கமே பார்த்தாள்.
அங்கே பனிதான்.

நான் திரும்பி வந்தபோது குளம்புகள் தெரிந்தன.
கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தேன்.
ஐந்து முப்பத்தைந்து.
கப்பல் அசைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.
சொல்ல அவள் எண் என்னிடமில்லை.
கெண்டில் எத்தனை கொடெலீவகளோ.

ஃபிர்மினோவின் கட்டுக்குள்ளிருந்து தாளை உருவி
அவள் எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன்:
கிடாரி. கறுப்பு. நெற்றியில் சுட்டி.
எழப் பார்த்து நாலு முறை விழுந்தது.
அதையும் நேரத்தோடு குறித்தேன்.