முக்கோணங்கள்

பார்ப்பது சைமாவின் வேலை, எழுதுவது என் வேலை.
நுண்ணோக்கியில் இடக்கண்ணை ஒட்டிக்கொண்டு
ஃபின்னிஷில் எண் சொல்வாள்.
நான் ஸ்வீடிஷில் யோசித்து
இலக்கமாக இறக்குவேன்.

கண்ணாடித் தகட்டில் வானம் நிறம் மாறிக் கிடக்கும்:
இரவு வெளுத்து, விண்மீன்கள் மிளகுத்தூளாய்.
ஒவ்வொரு தகட்டையும் மூன்று முறை திறந்திருப்பார்கள்,
ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை
இம்மி நகர்த்தி.
ஆகவே விண்மீன் என்றால் மூன்று புள்ளி, ஒரு குட்டி முக்கோணம்.
ஒற்றைப் புள்ளி என்றால் தூசு.
"மூன்று தரம் ஒரே பேச்சுப் பேசினால்தான் நம்புவேன்" என்பாள்,
தகட்டைச் சொன்னாளோ
பால்காரனைச் சொன்னாளோ.

மணிக்கு நாற்பது பென்னி எங்களுக்கு.
அடுப்புக்கு பிர்ச் விறகு சுமக்கும் கஸ்பெரிக்கு எழுபது.
அவன் அதைச் சொல்லிக் கூச்சப்படுவான்,
சைமாவின் அடுப்பில் ஒரு கட்டை கூடுதலாக வைப்பான்.

ஜூனில் ஹெல்சின்கிக்கு இரவு வராது.
பத்து மணிக்கும் துறைமுகத்தில் மீன் பேரம் நடக்கும்.
நாங்கள் திரையை இழுத்துவிட்டு
என்றோ முடிந்துபோன ஒரு ஜனவரியை
அளந்துகொண்டிருப்போம்.

அப்படித்தான் அது அகப்பட்டது.
பழைய தகட்டில் கட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம்,
புதிய தகட்டில் அந்தப் பக்கம்.
நடுவில் இருபத்திரண்டு வருடம், பன்னிரண்டு விகலை.
கண்ணாடிமேல் அது இரண்டு மயிரிழை.

"நீ தப்பாக எழுதியிருக்கிறாய்" என்றாள்.
"நீ தப்பாகச் சொல்லியிருக்கிறாய்" என்றேன்.
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை,
எண்களைத் தவிர.

மறுபடி அளக்க உட்கார்ந்தது ஏப்ரலில்,
ஜெர்மானியர்கள் நகருக்குள் நுழைந்த வாரம்.
பேராசிரியர் ஓக்ரென் ஊரில் இல்லை.
கஸ்பெரி கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு
போய்ப் பத்து வாரம்.
பீரங்கி முழங்கினால் மேசை நடுங்கும்,
மேசை நடுங்கினால் முக்கோணம் கலங்கும்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்து
இரண்டு வெடிக்கு நடுவே
"நாற்பத்தொன்று புள்ளி ஆறு" என்பாள்.
ஜன்னல் ஒன்று சிதறியது.
முதுகைக் காட்டித் தகட்டை மறைத்தாள்.
அவள் கூந்தலில் கண்ணாடித் துகள்.
தொட்டால் வெட்டும் என்று
ஊதி ஊதி எடுத்தேன்.

மூன்று புள்ளிகளும் நகர்ந்திருந்தன,
சேர்ந்தே, ஒரே திசையில்.
தூசு அப்படிப் போகாது.

"ரயிலில் பார்த்திருப்பாயே,
தூரத்துக் காடு அசையாது,
தண்டவாளத்தோரக் கம்பம்தான் ஓடும்.
இது கம்பம். நமக்குப் பக்கத்தில் இருக்கிறது."
பக்கம் என்றால் எவ்வளவு என்றேன்.
"ஒளி கிளம்பியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய்."
அவ்வளவு பக்கம்.

அட்டவணை மூன்று வருடம் கழித்து அச்சானது, பிரெஞ்சில்.
முகப்பில் ஓக்ரென்.
முன்னுரையில் "பொறுமையான கைகளுக்கு" நன்றி.
கைகளுக்காம்!
எங்கள் விண்மீன் 2617ஆம் வரிசை,
பக்கத்தில் ஓர் உடுக்குறி.
அடிக்குறிப்பு: நகர்கிறது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அந்தக் கோடையில் கோட்டைத்தீவுச் சிறையிலிருந்து
இறந்தவர்களின் பட்டியல்கள் வந்தன.
பசி, காய்ச்சல், சுட்டது
என்று மூன்று அலுவலகங்களில் மூன்று தாள்.
படகுத்துறையில் வரிசையில் நின்று
மூன்றையும் படித்தோம்.
சைமா விரலால் படித்தாள்,
வரிவரியாக, தகட்டைப் படிப்பதுபோல.

ஒரு தாளில் இருந்தது கஸ்பெரி பெயர்.
மற்ற இரண்டில் இல்லை.

"ஒற்றைப் புள்ளி" என்றாள்.
நான் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபரில் குளிர் இறங்கியபோது
விறகு சுமக்க வேறு ஆள் வைக்கலாமா என்று
ஓக்ரென் கேட்டார்.
வேண்டாம் என்றாள்.
காலையில் அரைமணி முன்னதாக வந்து
அவளே சுமந்தாள், நாற்பது பென்னிக்கு.
சுமந்த கை நடுக்கம் அடங்கும்வரை
நுண்ணோக்கியைத் தொடமாட்டாள்.
பேனாவை மை தொட்டு வைத்துக்கொண்டு
நான் காத்திருப்பேன்.