திரும்பி வந்த புகை

பாலரட்டில் ஆடி மாதம் உறைபனி.
கூடத்துச் சுவரில் கேஸ் ஹீட்டர்,
வாடகை வீட்டோடு வந்தது,
என்னைவிட மூத்தது.

சனிக்கிழமைதோறும் தலைவலி.
வாரமெல்லாம் வேலை, வேறென்ன என்றான் இளம்பரிதி.
தைலம் தேய்த்துக்கொண்டேன்.

சோதிக்க வந்த கெய்லீ
மண்டியிட்டுச் சுடரைப் பார்த்தாள்.
நீலம்தான்; நுனி மட்டும் மஞ்சள்.
"சனிக்கிழமை என்ன செய்வீர்கள்?"
மீன்குழம்பு. தாளிக்கும்போது கமறும்,
குளிருக்கு ஜன்னல் திறக்க முடியாது,
அடுப்புக்கு மேல் ஃபேனை முழுசாகப் போடுவேன்.
"போடுங்கள்."

அவளுடைய புகைக்குச்சி தீர்ந்திருந்தது.
சாமிப்படத்தடி ஊதுபத்தியைக் கொடுத்தேன்.
ஹீட்டரின் தலைமாட்டில் பிடித்தாள்.
குழாய்வழி மேலே போகவேண்டிய புகை
தயங்கி
வளைந்து
வீட்டுக்குள்ளேயே வந்தது,
பர்ஸை மறந்துவிட்டுத் திரும்புகிறவன்போல.

அதுவரை
மிளகாய் நெடிக்குத்தான் பயந்திருந்தேன்.
நெடியில்லாத ஒன்றை
நானே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறேன்,
ஒவ்வொரு தாளிப்புக்கும்.
மகள் அங்கேதான் படுத்துக் கார்ட்டூன் பார்ப்பாள்.

கேஸை மூடினாள். சிவப்பு அட்டை கட்டினாள்.
ஏஜென்ட்டுக்கு அவளே போன் செய்தாள், சற்றுச் சத்தமாக.

இன்றிரவு ஒரே கட்டிலில் மூவர், நாலு கம்பளி.
குளிருதா என்கிறான்.
குளிருது.
குளிர்வது
தெரிகிறது.