பரிசீலனையில் உள்ளது

பெரிய வீடு பூட்டிக் கிடந்தது.
சொந்தக்காரர்கள் கோலாலம்பூரில்.
அதன் கார் கொட்டகையில்தான் எம்.எல்.ஏ. ஆபீஸ்.
தேவகோட்டை வெயில் தகரத்தில் இறங்கினால்
டைப்ரைட்டர் விசைகள் விரலைச் சுடும்.
வாடகை நாற்பது ரூபாய்.
உயர்த்தச் சொல்லி யாரும் எழுதவில்லை,
முப்பத்தோரு வருஷமும் நாற்பதுதான்.

நான் சேர்ந்தபோது சாத்தையா அம்பலத்துக்கு
இரண்டாம் முறை.
அவர் சொல்லச் சொல்ல
முதல் நாள் அடித்தது ஒரு வினா:
செம்பனேந்தல் பெரிய கண்மாயின்
மூன்றாம் மடையைச் சீரமைக்க
அரசு ஆவன செய்யுமா?

சென்னையிலிருந்து பதில் வந்தது:
பரிசீலனையில் உள்ளது.

அடுத்த கூட்டத்தொடருக்கும் அதையே அடித்தேன்.
அதற்கு அடுத்ததற்கும்.
முதலமைச்சர்கள் மாறினார்கள்.
பொதுப்பணித்துறையின் முத்திரை வட்டமாயிற்று.
ஒருமுறை அவரே கட்சி மாறினார்,
வேட்டியின் கரை மாறியது,
வெளுத்துக்கொடுத்த மாரிமுத்து மாறவில்லை.
வினாவில் ஒரு கமா மாறவில்லை.

சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன்.
பெண்கள் பள்ளிக்கு மூன்று அறை,
ஐந்தாம் நம்பர் பஸ் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக,
ராத்திரி பன்னிரண்டரைக்கு
ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்த பையன்கள்.
கல்யாணமா, காதுகுத்தா, கேதமா,
அம்பாசிடரில் எப்போதும்
ஒரு மாலை ஈரத்துணியில் சுற்றியிருக்கும்.
தோற்ற இரண்டு முறையும்
காலை ஒன்பதுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.
போன் அடிக்காது.
ரிசீவரை எடுத்து,
உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பார்.

சிபாரிசுக் கடிதம் மட்டும்
ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.
பச்சை மையில் கையெழுத்து என்றால் அதிகாரிக்குத் தெரியும்,
செய்து கொடு.
நீல மை என்றால்
வாசல்வரை வந்தவரை
வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.
ஜனங்களுக்குத் தெரியாது.
இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

மின்வாரிய வேலைக்கு
என் தம்பி சுப்புராயன் பேரில்
நானே அடித்து நானே நீட்டினேன்.
மேஜையில் இரண்டு பேனாவும் இருந்தன.
நீலத்தை எடுத்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
உறையை ஒட்டும்போது
பசை நாக்கில் கசந்தது.

நாலாம் முறை ஜெயித்த வருஷம்
அமைச்சர் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது.
மூன்றாம் மடைக்குத் தொகை தயார்,
உறுப்பினர் ஒப்பம் இட்டால் போதும்.
படித்தார். மடித்தார்.
இழுப்பறையில் போட்டுச் சாவியைத் திருப்பினார்.
“எலக்‌ஷன்ல நிக்கிறவனுக்குக்
கேக்க ஒண்ணு வேணும்ல, வள்ளிக்கண்ணு.”
அன்றைக்கும் வினாவை அடித்தேன்.
ஆவன என்ற சொல்லில்
விசை ஒருமுறை சிக்கியது.

அந்தப் புரட்டாசியில் செம்பனேந்தல்காரர்கள்
மணல்மூட்டை போட்டு மடையை அடைத்தார்கள்.
அடுத்த புரட்டாசியிலும்.
ஓட்டு மட்டும் அவருக்கே போட்டார்கள்,
கேட்டுக்கொண்டே இருக்கிறாரே மனுஷர் என்று.

இப்போது அவர் எதிலும் நிற்பதில்லை.
புதிதாக வந்த பையன்,
வந்த பதினாலாவது மாதம்
மடையைக் கான்கிரீட்டில் கட்டிவிட்டான்.
கல்வெட்டில் நாலு பேர் பெயர்,
இவர் பெயர் இல்லை.
பார்க்கணும் என்றார்.
ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன்.

மழை கழிந்த கண்மாய்.
மடை திறந்திருந்தது.
மூன்றாம் மடையில் தண்ணீர்
யாருடைய ஒப்பமும் இல்லாமல்
சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.
தோள் துண்டை இடுப்பில் கட்டி, அவிழ்த்து,
மறுபடி தோளில் போட்டார்.

சபையில் இத்தனை வருஷத்தில்
அமைச்சரின் பதிலுக்குப் பிறகு
ஒரு துணை வினா
அவர் எழுப்பியதே கிடையாது.
அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்:
“ஒன் தம்பி இப்ப எங்க இருக்கான்?”

“திருப்பூர்ல, ஐயா.”

என்ன வேலை என்று கேட்கவில்லை.
வெயிட்டிங் சார்ஜ் ஏறுது என்று
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.