இத்திப்போல வெள்ளம்

தோகாவில் பெர்க்மான்ஸ் எனக்குச் சொல்லித்தந்த
முதல் சொல் தண்ணீர்.
தமிழ்நாடு முழுக்கப் புரியும் என்றான்.
நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன்.
குறும்பனையில் வந்து இறங்கினால்
தண்ணீர் யாருக்கும் வேண்டாம்.
‘மைனி, இத்திப்போல வெள்ளம் தாங்க’
என்றாள் அவன் தங்கை டெல்பின்.
கைப்பேசியில் தேடினேன்.
வெள்ளம்: ஊரை மூழ்கடிக்கும் பெருநீர்.

தக்லோபானில் எங்கள் வீடு இருந்த இடத்தை
இப்போதும் என்னால் காட்ட முடியும்.
புயல் போனபின் பக்கத்துத் தென்னையில்
எங்கள் குளியலறைக் கதவு தொங்கியது.
அதில்தான் கொஞ்சம்
சொம்பில் கேட்கிறார்கள் இங்கே.

மரச்சீனி எங்களுக்கும் உண்டு.
நாங்கள் அதில் இனிப்பு செய்வோம்,
இவர்கள் மீன்கறி ஊற்றிக் குழைக்கிறார்கள்.
நைட்டிமேல் ஒரு துவர்த்து போட்டால்
கடைக்குப் போகலாம்.
அது எதையும் மறைப்பதில்லை,
ஆனாலும் போட வேண்டும்.
‘எங்க போறிய?’ என்று வழியில் ஏழு பேர்.
பதிலுக்காக யாரும் நிற்பதில்லை.
‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் ஊரில் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவோம்.
உப்பு டப்பாவை அப்படிக் காட்டினேன்.
பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார்
கைகூடக் கழுவாமல் வெளியே போய்விட்டார்.

ஆமாம் என்பதற்குப் புருவம் தூக்குவோம்.
கிளாத்தி நூற்றைம்பது என்றாள் வியாகுலம்.
ஆமாம், தூக்கினேன்.
நூற்றிமுப்பது என்றாள்.
குழம்பிப்போய் மறுபடி தூக்கினேன்.
‘நூற்றுப்பத்து, அதுக்குக் கீழ முடியாது பிள்ளே.’
இப்போதெல்லாம் மீன் வாங்க
டெல்பின் என்னைத்தான் அனுப்புகிறாள்.

நாகர்கோவில் அலுவலகத்துப் படிவத்தில்
‘தங்கும் நோக்கம்’ என்ற கட்டம் விரலகலம்.
கணவனோடு வாழ, என்று எழுதினேன்.
கணவன் எங்கே என்றார் அதிகாரி.
தோகாவில்.
அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

பூசையில் எப்போது முழங்காலிடுவது என்று
பாஷை தெரியாமலே தெரிகிறது.
அந்த ஒரு மணி நேரம்தான்
யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுவரில் பெர்க்மான்ஸின் அண்ணன் படம்,
கீழே அணையாத சிவப்பு பல்பு.
ஒக்கிக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவர்.
‘போயிட்டு வாறேன்னுதான் சொன்னான்’ என்றார் மாமியார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கையிலிருந்த நாற்பது சொற்களை வைத்துக்கொண்டு
தென்னையில் தொங்கிய கதவைச் சொன்னேன்.
கதவுக்கு அந்தப் பக்கம்
யார் இருந்தார்கள் என்பதற்குச் சொல் போதவில்லை.
அவர் எழுந்துபோய் செம்பு நிறைய மொண்டுவந்து
‘குடி’ என்றார்.
குடித்தேன்.

நேற்று மத்தியானம்
கரண்டு கணக்கெடுக்க வந்த பையன்
மீட்டரைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்,
தொண்டையைச் சரிசெய்துகொண்டு
‘வாட்டர்… ப்ளீஸ்’ என்றான்.
வெள்ளமா? என்றேன்.
குடிக்கவா, கை கழுவவா?

உள்ளே டெல்பின் சிரிப்பது கேட்டது.
அவன் அண்ணாந்து குடித்தான்,
பாதியை மிச்சம் வைத்தான்.
எரிச்சலாக இருந்தது எனக்கு:
குழாய் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள்,
வெள்ளத்தை இப்படியா வீணாக்குவது!
கறிவேப்பிலைக் கன்றில் ஊற்றிவிட்டு
செம்பைக் கவிழ்த்தேன்.