மார்சியாக்கில் ஒன்றும் இல்லை

வாயில் ஊற்றுவது, சுழற்றுவது, வாளியில் உமிழ்வது.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
போர்தோ என்றால் உமிழவும்
வரிசையில் நிற்க வேண்டும்.
மார்சியாக்குக்கு வரிசை இல்லை.
வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால்
பள்ளத்தாக்கு முழுவதும் மறைந்துவிடும்.

"போய்ப் பார், ஒதில்," என்றார் முதலாளி.
"மலிவாக ஏதாவது மாட்டும்."

மண் சிவப்பு.
செங்கல் சூளையை யாரோ தூக்கிவந்து
மலைமேல் கவிழ்த்துவிட்டுப் போன சிவப்பு.
வீடுகள் அதே நிறம், தேவாலயமும்.
மழை விட்டிருந்தது,
மேயும் ஆடுகளின் அடிவயிறும்.

முதல் நிலவறையில் ஓக் மரத்தைக் குடித்தேன்,
திராட்சையைக் காணோம்.
இரண்டாவதில் பேச்சு நன்றாக இருந்தது.
மூன்றாவதில் புளித்துப் போயிருந்தது. அது அவருக்கும் தெரியும்,
அதனால்தான் பாலாடைக்கட்டியை
அவ்வளவு பெரிதாக வெட்டினார்.
நான்காவது கதவில் ஒரு சீட்டு:
டிராக்டரில் இருக்கிறேன், ஹாரன் அடிக்கவும்.
அடித்தேன்.
நாய் வந்தது.

டீசல் போட்ட பத்ரீஸ்
என் ஊதா உதட்டைப் பார்த்துச் சிரித்தார்.
கல்லாவுக்கு அடியில் கைவிட்டு
தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தார்,
உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.
காபிக் கோப்பையில் ஊற்றினார்.

முதலில் மிளகு.
பிறகு வேலியோர முள்செடியின் கறுப்புப் பழம்,
வெயில் பட்ட பக்கம்.
அதன்பின் துவர்ப்பு வந்து பல்லருகே நின்றது,
கதவைத் தட்டிவிட்டு
உள்ளே அழைத்தும் வராத விருந்தாளி மாதிரி.
கடைசியில் இரும்பு:
நாக்கைக் கடித்துக்கொண்ட பிள்ளை
அழத் தொடங்குமுன் ருசிக்கும் அந்த ஒரு நொடி.

வாளி வண்டியில் இருந்தது.
விழுங்கிவிட்டேன்.

"யாருடையது?"
"மச்சினியுடையது. விற்க மாட்டாள்."

மரிலின் டெல்மாஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
மூன்று படிக்கட்டு நிலம், எந்திரம் ஏறாத சரிவு,
மான்சுவா கொடிகள்.
பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால்
பழைய டயர்களுக்கு நடுவே இரண்டு பீப்பாய்.
எனக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றவில்லை.
"நாலு மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்."
கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து
முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு
என் கையில் கொடுத்தாள்,
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவது போல.

ஏன் விற்பதில்லை என்று கேட்டேன்.
"விலை வைத்தால் லேபிள் ஒட்டணும்.
லேபிள் ஒட்டினால் பேர் வைக்கணும்.
பேர் வைத்தால் ஆட்கள் வருவார்கள்."
வந்த ஆள் நான்தான்.
இருவரும் அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு பாட்டில் எடுத்து வைத்தாள்.
பணத்தை வாங்கவில்லை.
"காலி பாட்டிலை நீயே கழுவிக் கொண்டுவா.
வேறு யார் கையிலும் அனுப்பாதே."
சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
மணி மூன்றே முக்கால்.
நான் அன்றிரவு வண்டியிலேயே படுத்தேன்,
தலைமாட்டில் பாட்டில்கள்
ஒன்றோடொன்று மெல்ல உரசின.

கிளெர்மோன் திரும்பியபோது
முதலாளி கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.
"என்ன மாட்டியது?"

வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம்.
"மார்சியாக்கில் ஒன்றும் இல்லை."
உதட்டைப் பிரிக்காமல் அதைச் சொல்ல முடியாது என்பது
சொல்லும்போதுதான் தெரிந்தது.

அவர் என் பற்களைப் பார்த்தார்.
குனிந்து டயர்களைப் பார்த்தார்,
அச்சுவரை சிவப்பு.
நிமிர்ந்து, கோபமில்லாமல்,
"எத்தனை பாட்டில்?" என்றார்.

பன்னிரண்டு என்று வாயெடுத்து
ஆறு என்றேன்.