நாற்பத்தோராம் பக்கம்

பம்புகளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை.
ராணிப்பேட்டை சிப்காட்டில் மூன்றாவது மாடி.
ஏசி நின்ற நாளில் ஜன்னலைத் திறந்தால்
ஊறும் தோலின் வாசனை மேஜைவரை வந்து உட்காரும்.

முன்பெல்லாம் நீல அட்டை போட்டு அச்சாகிப் போய்விடும்.
தப்பிருந்தால் ஒரு துண்டுச் சீட்டு,
ஓரத்தில் பசை தடவி.
அதன் பிறகு யாரும் எதுவும் சொன்னதில்லை.
அதைச் சம்மதம் என்று
பதினொரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில்
ஒரு கேள்வி நிற்கிறது:
இது உதவியாக இருந்ததா?
ஆம். இல்லை.

நாற்பத்தோராம் பக்கத்துக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை.
காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே ஒருவர்
ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

திரும்பப் படித்தேன்.
கிளாண்ட் நட்டுகளைச் சீராக இறுக்கவும்.
அனுமதிக்கப்பட்ட கசிவு:
நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது சொட்டு.
எண் சரி. அலகு சரி.
ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது.

வாலாஜா ரோடு ஸ்டேஷன்,
ரயில் முக்கால் மணி தாமதம்.
சர்வீஸ் பிரிவு ஜெபராணி அனுப்பிய வீடியோவை
வேண்டாவெறுப்பாகத் திறந்தேன்.
பேரணாம்பட்டில் ஏதோ ஒரு தோல் ஷெட்.
முகம் இல்லை. கட்டைவிரல் நகம் கறுத்த ஒரு கை,
ஒரு ஸ்பேனர், எங்கள் பம்ப்.
பதினேழாயிரம் பேர் பார்த்த மூன்று நிமிஷம்.

"சொட்டிக்கினே கீதுன்னு இறுக்காதீங்க பாய்.
சொட்டணும்.
அந்தத் தண்ணிதான் ஷாஃப்டுக்குக் குளிர்ச்சி.
நம்ம பக்கம் பாலாறே மணலா கெடக்குது,
சொட்றதப் பாத்துகினு சும்மா நிக்க
மனசு வராது. எனக்கே வராது.
இறுக்கினா உள்ள கருகிடும், அவ்ளோதான்.
எண்ணத் தெரியலன்னா உங்க நாடியப் புடிங்க.
நாடிய விட ஒரு இழை மெதுவா விழுந்தா
கைய எடுத்துடுங்க."

நானும் காட்பாடி வீட்டில்
லாரித் தண்ணீர் ஒழுகும் குழாய்க்கடியில்
கிண்ணம் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவள்தான்.
'அனுமதிக்கப்பட்ட கசிவு' என்று எழுதியபோது
அந்தக் கிண்ணம் எங்கே போயிருந்தது?

மறுநாள் மூன்று வரி சேர்த்தேன்.
ஏன் சொட்டவேண்டும் என்று ஒன்று,
நாடிக்கு ஒன்று,
இறுக்கத் தோன்றும், இறுக்காதீர்கள் என்று ஒன்று.
கணினி அவற்றுக்கு ஓர் எண் கொடுத்து
பதினான்கு மொழிகளுக்கு அனுப்பியது.
பாலாறு போகவில்லை.
'நீர் அரிதான பகுதிகளில்' என்று
நான்தான் அதை வற்றவைத்தேன்.

மூலம் என்று ஒரு கட்டம்.
ஊழியர் எண்ணைத் தவிர எதையும் வாங்காது.
அந்தக் கைக்கு எண் கிடையாது.
என்னுடையதைப் போட்டால் திருட்டு.
காலியாக விட்டேன்;
பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி
இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

வீடியோவின் கீழே பெயர் கேட்டு எழுதினேன்,
இந்தப் பம்பின் கையேடு என்னுடையது என்றும்.
ராத்திரி பதினொன்றரைக்குப் பதில்:

முனவ்வர்.
மேடம், அம்பத்தி மூணாம் பக்கமும் தப்பு.
படம் தலைகீழா கீது.
போன் பண்ணவா, இல்ல இங்கயே சொல்லட்டா?